புளிப்பில்லா அப்பத்தின் பொருள்: பண்டைய இஸ்ரவேலின் ஆசாரியச் சடங்குகளைப் படிப்படியாக வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்க முனைகிறவர்களில் பலர் லேவியராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வந்து தடுமாறுவார்கள். மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம், அடுப்பு, தட்டு, சட்டி என்று ஒரு சமையற்கட்டின் கணக்குப்போல அது நீண்டுகொண்டே போகும். இடையிடையே "புளிப்பில்லா" என்ற அடைமொழி மட்டும் விடாமல் திரும்பத் திரும்ப வரும். "புளிப்பு என்றால் பாவம், புளிப்பில்லாதது என்றால் பரிசுத்தம்" என்ற ஒருவரி விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். அந்த விளக்கம் முழுவதும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது பூட்டைத் திறப்பதைவிட, திறக்க வேண்டிய கதவையே மறைத்துவிடுகிறது. புளிப்பு பாவமென்றால், ஸ்தோத்திரபலியோடு புளித்த அப்பத்தைக் கொண்டுவா என்று அதே நூல் ஏன் கட்டளையிடுகிறது? அறுவடை விழாவில் இரண்டு புளித்த அப்பங்களைக் கர்த்தருக்கு முன்பாக அசைவாட்டச் சொல்வது எதனால்?

இந்தக் கேள்விகளுக்கு விடை அந்தச் சடங்குகளுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அப்பம் எதனால் ஆனது என்று கேட்பதோடு நில்லாமல், அது யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த இடத்துக்கு, எவ்வளவு நேரத்துக்குள் போய்ச்சேர்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் பொருள் தானே தெளிவாகும். யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம் ஆகிய மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு கீழ்க்காணும் படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பாருங்கள்.

படி 1: சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

எபிரெய மூலத்தில் மூன்று சொற்கள் உள்ளன. "மட்ஸா" என்பது புளிக்காத அப்பம். "ஹமேட்ஸ்" என்பது புளித்துவிட்ட மாவு அல்லது அப்பம். "செயோர்" என்பது முந்தைய மாவிலிருந்து எடுத்து வைத்த, புதிய மாவைப் புளிக்கவைப்பதற்கான பழம்புளிப்பு. அதை யாரும் உண்பதில்லை, அடுத்த மாவுக்குள் இடுவார்கள். லேவியராகமம் 2:11 இந்தக் கடைசி இரண்டையும் தனித்தனியே சொல்லியே விலக்குகிறது. தமிழில் இரண்டும் "புளித்த மா" என்ற ஒரே சொல்லில் கலந்துவிடுவதால், வாசிக்கும்போது நாமே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

அப்பத்தின் வடிவங்களும் இப்படித்தான். "ஹல்லா" என்பது சற்றுத் தடித்த வட்ட அப்பம். எண்ணெயை மாவோடு சேர்த்துப் பிசைந்து செய்வது. "ராகிக்" என்பது மெல்லியதாகத் தட்டிச் சுட்டு, மேலே எண்ணெய் தடவுவது. நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதலாவதை "அதிரசம்" என்றும் இரண்டாவதை "அடை" என்றும் சொல்கிறது. வாசகனின் வீட்டுச் சமையலறையிலிருந்தே சொல் எடுத்த அந்த மொழிபெயர்ப்பாளர்களின் துணிவை நான் மதிக்கிறேன். ஆயினும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் அதிரசம் வெல்லப்பாகு சேர்ந்தது. மாவைப் பிசைந்து ஓரிரு நாள் ஊறவைத்த பிறகே எண்ணெயில் இடுவோம். பலிபீடத்தின் அப்பத்துக்கோ இனிப்பும் விலக்கு, மாவைக் காக்க வைப்பதும் விலக்கு. ஆகவே "புளிப்பில்லா அதிரசம்" என்று வாசிக்கும்போது தீபாவளித் தட்டை மனத்திலிருந்து எடுத்துவிட்டு, கோதுமை மாவும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த, உப்பிட்ட, தட்டையான ஓர் அப்பத்தை அங்கே வையுங்கள்.

படி 2: மாவுக்குள் நடப்பதைக் கவனியுங்கள்

இரண்டாவதாக, அந்தக் கால மக்கள் கண்ணால் கண்டதை நாமும் காண வேண்டும். மாவில் நீர் பட்ட நொடியிலிருந்து அதற்குள் ஒரு மாற்றம் தொடங்குகிறது. காற்றிலும் தானியத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் மாவின் சர்க்கரையைத் தின்று வாயுவை வெளிவிடுகின்றன, மாவு உப்புகிறது, மணம் மாறுகிறது, புளிக்கிறது, விட்டுவிட்டால் கெட்டுப்போகிறது. நுண்ணுயிர் என்ற சொல் அவர்களிடம் இல்லை. ஆனால் உப்புதலும் கெடுதலும் ஒரே பாதையின் இரண்டு இடங்கள் என்பதை அப்பம் சுட்ட எந்தப் பெண்ணும் அறிந்திருந்தாள். செயோரோ முடிவில்லாதது: நேற்றைய மாவு இன்றையதைப் புளிக்கவைக்கும், இன்றையது நாளையதை. புளித்த அப்பம் ஒவ்வொன்றும் தனக்கு முந்திய அப்பங்களின் வரலாற்றைச் சுமந்துகொண்டு வருகிறது. மட்ஸாவுக்கு அப்படி ஒரு நேற்று இல்லை.

ஆகவே புளிப்பில்லாமை என்பது முதலில் நேரத்தைப் பற்றிய செய்தி. ஒரு "மீல்" தொலைவு நடக்க ஆகும் நேரத்துக்குமேல் மாவைச் சும்மா விடக்கூடாது என்று, யூத ஆசான்களின் விவாதத் தொகுப்பான தால்முத் அளவு வைக்கிறது. பிற்கால யூத நெறி இதை 18 நிமிடங்கள் என்று வரையறுத்து இன்றுவரை பின்பற்றுகிறது. இதில் ஆசாரியர்களைப் பற்றி ஒரு நுட்பமான செய்தியும் கிடைக்கிறது. வெதுவெதுப்பான நீர் மாவைச் சீக்கிரம் புளிக்கவைக்கும் என்பதால் எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா விழாவின் அப்பத்துக்குச் சாதாரண மக்கள் அதைப் பயன்படுத்துவது தடுக்கப்பட்டது. ஆனால் ஆலயத்தின் தானியப் பலிகளை வெதுவெதுப்பான நீரிலேயே பிசைந்தார்கள் என்றும், புளிக்காதபடி காத்துக்கொண்டார்கள் என்றும், தால்முத்துக்கு அடிப்படையான பழைய விதித்தொகுப்பாகிய மிஷ்னா சொல்கிறது. ஆசாரியர்கள் விழிப்புள்ளவர்கள் என்பதே தால்முத் தரும் காரணம். பிசைகிறவன் கண்ணயர்ந்தால் அப்பம் புளித்துவிடும். ஒவ்வொரு மட்ஸாவும், ஒருவன் கடைசிவரை கவனம் சிதறாமல் நின்றான் என்பதற்குச் சாட்சி.

படி 3: அப்பம் எங்கே போய்ச்சேர்கிறது என்று பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுவே. லேவியராகமம் 2-ஆம் அதிகாரத்தின் போஜனபலியை, எபிரெயத்தில் "மின்ஹா"வை, எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அசைவாகத் தொடர்ந்து செல்லுங்கள்.

கொண்டுவருகிறவன் மெல்லிய கோதுமை மாவைக் கொண்டுவருகிறான். குறைந்த அளவு ஓர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஓர் ஓமர். நம் கணக்கில் சுமார் 2 லிட்டர் கொள்ளும். அதை மாவாகவே கொடுக்கலாம், அடுப்பில் சுட்டோ தட்டில் சுட்டோ சட்டியில் சமைத்தோ கொடுக்கலாம். சமைத்தால் அது மட்ஸாவாக இருக்க வேண்டும். துண்டுதுண்டாகப் பிட்டு எண்ணெய் வார்க்க வேண்டும். மாவாகக் கொடுத்திருந்தால் ஆசாரியன் அதில் ஒரு கைப்பிடி எடுக்கிறான், சமைத்திருந்தால் துண்டுகளிலிருந்து ஒரு பங்கு. தூபவர்க்கம் இட்டிருந்தால் அது முழுவதையும் அந்தப் பங்கோடு சேர்த்து, நினைவுகூருதலின் பங்காகப் பலிபீடத்து நெருப்பில் இடுகிறான். எஞ்சியது அனைத்தும் முதல் தலைமை ஆசாரியனான ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் உரியது. அது "மகா பரிசுத்தமானது".

இப்போது 6-ஆம் அதிகாரத்துக்குச் சென்று 16, 17-ஆம் வசனங்களை வாசியுங்கள். ஆசாரியர்கள் அந்த மீதியை ஆசரிப்புக் கூடாரத்தின் பிராகாரத்திலேயே, புளிப்பில்லாததாகவே உண்ண வேண்டும். அதைப் புளித்த மாவோடு சுடக்கூடாது. கர்த்தர் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது: என் தகனபலிகளிலிருந்து இதை அவர்களுக்குப் பங்காகக் கொடுத்தேன். பிடியளவு நெருப்புக்குப் போன பிறகும் மீதி மாவு சாதாரண மாவாகிவிடவில்லை. பலிபீடத்தின் உணவுக்கு என்ன விதியோ, அதுவே ஆசாரியன் உண்ணும் பங்குக்கும் விதி. இங்கே மட்ஸா ஓர் உறவைக் காட்டுகிறது: இவன் தன் வீட்டுச் சாப்பாட்டை உண்கிறவன் அல்லன், தன் ஆண்டவருடைய மேசையிலிருந்து உண்கிறவன்.

இதன் வலிமையை 2 இராஜாக்கள் 23:9 ஒரே வசனத்தில் காட்டுகிறது. கி.மு. 622-ஐ ஒட்டி யோசியா அரசன் நாட்டுப்புற வழிபாட்டு மேடைகளை ஒழித்தபோது, அங்கே ஊழியம் செய்த ஆசாரியர்கள் எருசலேமின் பலிபீடத்தை அணுக அனுமதிக்கப்படவில்லை. ஆனாலும் அவர்கள் "தங்கள் சகோதரருக்குள்ளே புளிப்பில்லாத அப்பங்களைப் புசித்தார்கள்". பதவி போயிற்று, பிறப்புரிமை போகவில்லை என்பதைச் சொல்ல அந்த நூலாசிரியருக்கு அப்பத்தின் பெயரே போதுமானதாக இருந்தது.

அடுத்து, மட்ஸாவின் அருகில் எவை நிற்கின்றன, எவை விலக்கப்படுகின்றன என்று பாருங்கள். புளிப்போடு சேர்த்துத் தேனும் நெருப்பிலிருந்து விலக்கப்படுகிறது. பழச்சாற்றிலிருந்து காய்ச்சிய பாகையும் அந்த எபிரெயச் சொல் குறிக்கும். பழப்பாகும் மாவைப்போலவே எளிதில் நொதிக்கும். அதே அதிகாரம் உப்பை மட்டும் எந்தப் பலியிலும் தவறவிடாதே என்று வற்புறுத்தி, அதை உடன்படிக்கையின் உப்பு என்று அழைக்கிறது. உப்பு கெடாமல் காக்கும். நொதிப்பவை ஒருபுறமும் காப்பது மறுபுறமும் இப்படிப் பிரிந்து நிற்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. மின்ஹாவோடு எரிந்த தூபவர்க்கம் வெறும் ஏட்டுச் செய்தி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூதாவின் தென்புறத்தில் உள்ள தெல் அராத் கோட்டைக்குள் இருந்த, கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் சிறிய கோயிலில் கிடைத்த பெரிய தூபபீடத்தின் கரிப்படிவை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டபோது, அதில் சாம்பிராணியும் விலங்குக் கொழுப்பும் கண்டறியப்பட்டன.

கடைசியாக, 2:12-ஐத் தவறவிடாதீர்கள். புளித்ததையும் தேனையும் முதற்பலன்களாகக் கர்த்தரிடம் கொண்டுவரலாம். பலிபீடத்தின்மேல் ஏற்றத்தான் கூடாது. புளிப்பு தன்னிலே அருவருப்பானதாக இருந்தால் இந்த அனுமதி கிடைத்திருக்காது. விலக்கு அந்தப் பொருளுக்கு விதித்ததல்ல. நெருப்பு எரியும் அந்த இடத்தை நோக்கி விதித்தது.

படி 4: வெறுங்கை நிரம்பும் சடங்கைப் பாருங்கள்

யாத்திராகமம் 29-ஐயும் லேவியராகமம் 8-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முன்னது கட்டளை, பின்னது அது நிறைவேறிய விதம். ஆரோனும் அவன் குமாரரும் ஆசாரியராக்கப்படும் நாளில், இரண்டு ஆட்டுக்கடாக்களோடும் ஒரு காளையோடும் ஒரு கூடை புளிப்பில்லா அப்பமும் கொண்டுவரப்படுகிறது. இரண்டாம் கடாவின் இரத்தம் அவர்களுடைய வலது காதுமடலிலும் வலது கைப்பெருவிரலிலும் வலது கால்பெருவிரலிலும் பூசப்பட்ட பிறகு, மோசே அந்தக் கூடையிலிருந்து ஓர் அப்பத்தையும், எண்ணெயிட்ட ஓர் அப்பத்தையும், ஓர் அடையையும் எடுத்து, கடாவின் கொழுப்பின்மேலும் வலது தொடையின்மேலும் வைத்து, அனைத்தையும் அவர்கள் உள்ளங்கைகளில் வைக்கிறான். அது அசைவாட்டப்படுகிறது. பிறகு மோசே அதை அவர்கள் கைகளிலிருந்து திரும்ப வாங்கிப் பலிபீடத்தில் எரிக்கிறான்.

தமிழில் "பிரதிஷ்டை" என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் "மில்லுயீம்", அதாவது நிரப்புதல். ஒருவனை ஆசாரியனாக்குவதை அந்த மொழி "கையை நிரப்புதல்" என்றே சொல்லும். எப்படியோ வழக்கில் வந்த அந்தச் சொற்றொடரை இந்தச் சடங்கு எழுத்துப்படியே நடத்திக் காட்டுகிறது. வெறுங்கையோடு வந்தவன் கையில் அப்பமும் இறைச்சியும் வைக்கப்படுகின்றன. அடுத்த கணமே அவை பலிபீடத்துக்குப் போய்விடுகின்றன. கை நிரம்புவதும் காலியாவதும் ஒரே நிகழ்ச்சி. ஆசாரியனுடைய ஊழியம் முழுவதும் இந்த ஒரு அசைவுக்குள் அடங்கிவிடுகிறது என்று நான் வாசிக்கிறேன்: தனக்கென்று பிடித்து வைக்காமல், வந்ததை மேலே கடத்துகிறவனின் கை அது. அந்தக் கையில் வைக்கப்படும் அப்பமும் நேற்றைய எதையும் சுமக்காத அப்பம் என்பது மிகப் பொருத்தமாக இருக்கிறது.

கூடையின் மீதி அப்பத்தை அவர்கள் கூடாரத்தின் வாசலிலேயே, அங்கேயே வேகவைத்த இறைச்சியோடு உண்டார்கள். விடியும்வரை மிஞ்சியது நெருப்பில் சுட்டெரிக்கப்பட்டது. ஏழு நாள் அவர்கள் அந்த வாசலை விட்டு வெளியே போகவில்லை.

எண்ணாகமம் 6-இல் வரும் நசரேயனின், அதாவது நேர்ச்சை செய்து குறித்த காலம் தன்னைக் கர்த்தருக்கென்று பிரித்துக்கொண்டவனின், சடங்கு இதன் எதிரொலி. விரதநாள் முடிந்து தலையைச் சிரைத்துக்கொண்ட அவனுடைய கைகளில், ஆசாரியன் வெந்த முன்னந்தொடையையும் ஒரு புளிப்பில்லா அதிரசத்தையும் ஓர் அடையையும் வைத்து அசைவாட்டுகிறான். ஆசாரியக் குடும்பத்தில் பிறவாத ஒருவன், தானாக ஏற்ற நேர்ச்சையால், அந்தச் சில கணங்களுக்கு ஆரோன் நின்றதுபோல நிற்கிறான்.

படி 5: புளித்த அப்பம் வரும் இரண்டு இடங்களையும் தவிர்க்காமல் வாசியுங்கள்

எளிய விளக்கங்கள் உடைவது இங்கேதான். முதல் இடம் லேவியராகமம் 7:12, 13. ஆபத்திலிருந்து தப்பியவன் செலுத்தும் ஸ்தோத்திரபலிக்கு மூன்று வகை மட்ஸாவும், அவற்றோடு புளித்த அப்பமும் வர வேண்டும். மிஷ்னாவின் கணக்கில் வகைக்கு 10 வீதம் 40 அப்பங்கள். 10 புளித்த அப்பங்களுக்கு எவ்வளவு மாவோ, அதே அளவு மாவுதான் 30 மட்ஸாக்களுக்கும்; ஆகவே ஒரு புளித்த அப்பம் மூன்று மட்ஸாவுக்குச் சமம். ஒவ்வொரு வகையிலும் ஒன்று ஆசாரியனுக்கு. மற்றவற்றைப் பலி செலுத்தியவன் தன் வீட்டாரோடும் நண்பர்களோடும் உண்பான். விதிப்படி அந்தப் பலியின் இறைச்சியில் எதையும் மறுநாள் காலைவரை வைத்திருக்கக்கூடாது. ஒரே இரவுக்குள் அவ்வளவையும் உண்டு முடிப்பதற்கு ஒருவன் எத்தனை பேரை அழைக்க வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த விருந்தில் ஆண்டவருடைய அப்பமும் மனிதனுடைய அன்றாட அப்பமும் ஒரே விரிப்பில் இருக்கின்றன. புளித்த அப்பம் இங்கே பாவத்தின் அடையாளம் என்று சொல்லவே முடியாது. அது சாவிலிருந்து மீண்டவன் திரும்பிச் செல்லும் வீட்டின் மணம். ஆயினும் அதில் ஒரு துணுக்கும் நெருப்பில் விழுவதில்லை. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி, வழிபாட்டுத் தலங்களான பெத்தேலுக்கும் கில்காலுக்கும் போகிறவர்களைப் பழித்துரைக்கும்போது, புளித்த மாவைக்கொண்டு ஸ்தோத்திரபலியை எரியுங்கள் என்று குத்தலாகச் சொல்கிறான். எல்லை அழிவதைத்தான் அந்தச் சொல் சுட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம் லேவியராகமம் 23:17. வாற்கோதுமையின் முதல் கதிர்க்கட்டை அசைவாட்டி ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாளில் புதிய கோதுமையில் சுட்ட இரண்டு புளித்த அப்பங்களைக் கொண்டுவருகிறார்கள். அவை அசைவாட்டப்பட்டு ஆசாரியனுக்குச் சேர்கின்றன; பலிபீடத்துக்குப் போவதில்லை. மக்கள் தங்கள் வாசஸ்தலங்களிலிருந்து கொண்டுவரும் அப்பம் அது என்று நூலே சொல்கிறது. வீட்டில் எப்படி உண்கிறார்களோ அப்படியே, முழுமையாக எழும்பிய அப்பமாக அது வருகிறது.

படி 6: ஏழு நாள் மேசையில் இருக்கும் அப்பத்தை எதிர்வழக்காக எடுத்துக்கொள்ளுங்கள்

பழமை ஏறாத அப்பமே பலிபீடத்துக்குரியது என்றால், பரிசுத்த ஸ்தலத்தின் மேசைமேல் ஓய்வுநாள் முதல் ஓய்வுநாள்வரை இருந்த 12 சமுகத்தப்பங்களை என்ன செய்வது? லேவியராகமம் 24 அவற்றைப் புளிப்பில்லாதவை என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் 1-ஆம் நூற்றாண்டில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அவை புளிப்பில்லாதவை என்கிறார். ஸ்தோத்திரபலியின் ஒரு வகையும் அறுவடை விழாவின் இரண்டு அப்பங்களும் நீங்கலாக எல்லாத் தானியப் பலிகளும் மட்ஸாவே என்று மிஷ்னாவும் சொல்கிறது. ஈரம் வற்றச் சுட்ட மட்ஸா பல நாள் தாங்கும் என்பது நடைமுறை விடை. இருந்தாலும் ஏழு நாள் என்பது ஏழு நாளே.

இந்த இடறலை மரபும் உணர்ந்திருந்தது. சமுகத்தப்பம் வைக்கப்பட்டபோது இருந்ததுபோலவே எடுக்கப்பட்டபோதும் சூடாக இருந்தது, அது பெரிய அதிசயம் என்று யோசுவா பென் லேவி என்ற ஆசான் சொன்னதாகத் தால்முத் பதிவு செய்கிறது. அவ்வதிசயத்தை நம்புவதும் நம்பாததும் வாசகரின் உரிமை. கர்த்தருக்கு முன்பாக இருக்கும் அப்பத்தின்மேல் காலம் ஏறக்கூடாது என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதையே நான் அதில் காண்கிறேன். இதற்கு மண்ணில் கால் பதித்த இன்னொரு சாட்சியும் உண்டு. இரண்டாம் ஆலயக் காலத்தில் இந்த அப்பத்தைச் சுடும் கலை கார்மு என்ற குடும்பத்தின் கையில் இருந்தது. அவர்கள் அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்க மறுத்தார்கள். அறிஞர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து வேறு கைவினைஞரை வரவழைத்தார்கள். அவர்களும் நன்றாகச் சுட்டார்கள். ஆனால் அடுப்பிலிருந்து அப்பத்தை உடையாமல் எடுக்கும் பக்குவம் அவர்களுக்குக் கைவரவில்லை, அவர்கள் அப்பம் பூசணமும் பிடித்தது. கார்மு குடும்பத்தின் அப்பம் பூசணம் பிடிக்கவில்லை. கடைசியில் நாட்கூலியை 12 மானே என்ற பணஅளவிலிருந்து 24 ஆக உயர்த்தி அவர்களையே மறுபடி அழைத்தார்கள். கற்றுக்கொடுக்க மறுத்ததற்காக மிஷ்னா அந்தக் குடும்பத்தைக் குறைகூறுகிறது. ஆனால் இன்னொரு செய்தி அவர்களைப் புகழ்கிறது: ஆலய மாவை எடுத்து உண்கிறார்கள் என்ற சந்தேகம் எழாதிருக்க, அவர்கள் பிள்ளைகளின் கையில் மெல்லிய மாவின் அப்பம் ஒருநாளும் காணப்பட்டதில்லையாம்.

படி 7: பஸ்காவின் அப்பத்தை ஆசாரியரின் அப்பத்தோடு ஒப்பிடுங்கள்

பஸ்காவில் மட்ஸாவுக்கு வேறொரு கதை உண்டு. எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்க நேரமில்லை என்கிறது யாத்திராகமம். "சிறுமையின் அப்பம்" என்கிறது உபாகமம். ஆலயத்தில் அது மேன்மையின் அப்பம், விழாவில் அடிமைத்தனத்தின் அப்பம். இந்த முரணை அவசரமாகச் சரிசெய்துவிடாமல் சற்று நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள். முதலில், அன்றாட வாழ்வில் மட்ஸா என்பது எதிர்பாராத விருந்தாளிக்குச் சட்டென்று சுடும் அப்பம்: லோத்து தன் வாசலுக்கு வந்த இருவருக்குச் சுட்டான், எந்தோரின் பெண் சவுலுக்குச் சுட்டாள், கிதியோன் ஒரு மரத்தடியில் அமர்ந்திருந்தவருக்குச் சுட்டுக் கொண்டுவந்தபோது கன்மலையிலிருந்து எழுந்த நெருப்பு அதை விழுங்கியது. வீட்டு விருந்தோம்பலிலிருந்து பலிக்குப் போகும் பாதை அந்தக் கிதியோன் கதையில் கண்முன்னே திறக்கிறது.

இரண்டாவதாக, பஸ்காவைத் தொடரும் ஏழு நாளும் இஸ்ரவேலின் ஒவ்வொரு வீடும் செயோரைத் தேடி அகற்றி, மட்ஸாவை மட்டுமே உண்கிறது. கூடார வாசலில் ஏழு நாள் மட்ஸாவோடு இருந்து ஆசாரியரானவர்களை நினைத்துக்கொண்டு, "நீங்கள் எனக்கு ஆசாரிய ராஜ்யமாயிருப்பீர்கள்" என்ற யாத்திராகமம் 19:6-ஐ வாசித்தால், அந்த வாரத்தில் ஒரு மக்கள்கூட்டம் முழுவதும் ஆசாரியரின் உணவுமுறைக்குள் வருவதாகத் தோன்றும். நூல் இதை இந்தச் சொற்களில் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் இந்த வாரத்தின் ஒழுங்கு எருசலேமுக்கு வெளியிலும் எட்டியிருந்தது. நைல் நதியின் யானைத்தீவில் வாழ்ந்த யூதப் படைக்குடியினருக்குக் கி.மு. 419-இல் அனனியா என்பவர் எழுதிய அரமேயக் கடிதம், சிதைந்த நிலையிலும், பஸ்கா வரும் நிசான் மாதத்தின் 15 முதல் 21 வரையிலான நாட்களையும் புளித்ததை விலக்குவதையும் பற்றிப் பேசுகிறது.

படி 8: விளக்கங்களை ஒவ்வொன்றாக எடைபோடுங்கள்

இந்த இடத்துக்கு வந்த பிறகே பிற்கால விளக்கங்களை வாசிக்க வேண்டும் என்பது என் அறிவுரை. 1-ஆம் நூற்றாண்டின் யூதத் தத்துவஞானி அலெக்சாந்திரியாவின் பிலோ, புளிப்பு மாவை ஊதவைப்பதால் பலிபீடத்தை அணுகுகிறவன் செருக்கால் ஊதிப்போகக்கூடாது என்கிறார்; அதே பிலோ அறுவடை விழாவின் புளித்த அப்பங்களைப் பற்றி எழுதும்போது, எழும்புதல் மகிழ்ச்சியின் அடையாளம் என்றும் சொல்கிறார். ஒரே மனிதர் இரண்டையும் சொன்னது அவருடைய குழப்பம் அல்ல, சடங்குகளின் வளம். தால்முத்தில் உள்ள ஒரு ஜெபம், மனிதனைத் தடுக்கும் தீய நாட்டத்தை "மாவில் உள்ள புளிப்பு" என்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய பவுல் பழைய புளித்த மாவைப் புறம்பே கழித்துப்போடச் சொல்கிறார். நம் பிரசங்கங்களில் கேட்கும் விளக்கம் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. அது பஸ்காவைப் பின்னணியாகக் கொண்ட அறிவுரை, லேவியராகமத்தின் உரை அல்ல. 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ், அயல் வழிபாடுகளில் புளித்த அப்பமும் தேனும் படைக்கப்பட்டதே விலக்குக்குக் காரணம் என்றார். 20-ஆம் நூற்றாண்டில் லேவியராகமத்துக்கு விரிவான உரை எழுதிய ஜேக்கப் மில்கிரோம், நொதித்தல் சிதைவையும் சாவையும் குறிப்பதால் பலிபீடத்துக்கு அது ஆகாது என்று வாதிட்டார். ரோமில் யூப்பித்தரின் தலைமைப் பூசாரிக்கும் புளித்த மாவைத் தொடத் தடை இருந்தது; புளிப்பு சிதைவில் பிறந்து தான் சேர்ந்ததையும் சிதைக்கிறது என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அதற்குக் காரணம் காட்டினார். அந்த உணர்வு ஒரு மக்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இது சான்று.

நான் மில்கிரோமின் பக்கம் சாய்கிறேன். உப்பையும் தேனையும் பற்றிய விதிகளும், பலியின் உணவை மறுநாள்வரை வைக்கலாகாது என்ற விதியும் அந்தப் பக்கமே நிற்கின்றன. ஆனால் ஒரு தடை இருப்பதை மறைக்கக்கூடாது. திராட்சரசமும் நொதித்ததே, எண்ணாகமம் 15 அதைப் பானபலியாக வார்க்கச் சொல்கிறது. அது வார்க்கப்படுகிறது, அப்பத்தைப்போல நெருப்பில் இடப்படுவதில்லை என்பது அதற்குத் தரப்படும் விடை. அது எனக்குப் பாதி நிறைவையே தருகிறது.

படி 9: கற்றதை ஒரு கடினமான பகுதியில் சோதித்துப் பாருங்கள்

இப்போது லேவியராகமம் 10-ஐத் திறவுங்கள். ஏழு நாள் பிரதிஷ்டை முடிந்து எட்டாம் நாள். ஆரோனின் மூத்த குமாரர் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து, கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்ட நெருப்பில் மாண்டுபோகிறார்கள். சடலங்களை அவர்கள் அணிந்திருந்த அங்கிகளோடு பாளயத்துக்குப் புறம்பே தூக்கிக்கொண்டு போகிறார்கள். தகப்பன் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, அதே நாளில், 12-ஆம் வசனத்தில் மோசே ஆரோனிடமும் எஞ்சியிருந்த எலெயாசாரிடமும் இத்தாமாரிடமும் சொல்கிறான்: மீதியான போஜனபலியை எடுத்து, பலிபீடத்தண்டையில் புளிப்பில்லாததாகப் புசியுங்கள், அது மகா பரிசுத்தமானது.

இந்த வசனத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் முந்தைய படிகளின் துணையோடு வாசியுங்கள். "மீதியான" என்பது பிடியளவு நெருப்புக்குப் போய்விட்டதைச் சொல்கிறது. "பலிபீடத்தண்டையில்" என்பது இடத்தைச் சொல்கிறது. பிள்ளைகளைக் கொன்ற நெருப்பு புறப்பட்ட சந்நிதியின் வாசல் அது. சிதைவின் சுவடு ஏறாத அப்பம், சாவு வந்துபோன வீட்டாரின் கையில் வைக்கப்படுகிறது. அவர்கள் துக்கம் காட்டவும் கூடாது, கூடார வாசலை விட்டுப் போகவும் கூடாது. அன்று உண்ண வேண்டிய பாவநிவாரணபலியின் இறைச்சியை அவர்கள் உண்ணாமல் எரித்துவிட்டதாக அந்த அதிகாரம் தொடர்ந்து சொல்கிறது. மோசே கோபங்கொண்டு கேட்டபோது ஆரோன், இப்படிப்பட்டவை எனக்கு நேரிட்ட நாளில் நான் அதைப் புசித்திருந்தால் கர்த்தருக்கு நலமாகத் தோன்றியிருக்குமோ என்று திருப்பிக் கேட்கிறான். மோசே அந்த விடையை ஏற்றுக்கொள்கிறான். இறைச்சியைப் பற்றி அவ்வளவு பேசும் நூல், அந்த அப்பத்தை ஆரோன் உண்டானா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.